அழாத அக்காவின் அழுத கண்

அக்கா கோபத்தில் யாரையும் அடித்ததில்லை. கோபம் வந்த அன்று பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார். சாப்பிட்டு, தூங்கி எழுந்து, தலை பின்னி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து இன்னொரு நாள் அடிப்பார். கோபத்தில் அடிக்கிறவர்களுக்குக் குறி தப்பும். அக்காவுக்குக் குறி தப்பி நான் பார்த்ததில்லை.

பெயர் வேண்டாம். எண்பதுகளில், பம்பாயில், காலையில் செம்பூர் வழியாக வி.டி. ஸ்டேஷன் போகும் மின்சார வண்டியின் லேடீஸ் பெட்டியில் எல்லாருக்கும் அவர் அக்காதான். மராட்டிக்காரிகளும் குஜராத்திக்காரிகளும்கூட அதையே பெயர் என்று நினைத்து அழைத்தார்கள். அவர் செம்பூரில் ஏறுவார், நான் சுனாபட்டியில் ஏறுவேன். எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். இரண்டு பேருக்கும் ஃபோர்ட் பகுதியில் ஒரே ஆபீஸ். எனக்காகப் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்திருப்பார். அந்தப் பையை யாரும் நகர்த்த மாட்டார்கள்.

அக்கா தாராவியில் பிறந்தவர். அப்பா தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். திருநெல்வேலியை அக்கா கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் வாயைத் திறந்தால் திருநெல்வேலிதான். கோபம் வந்தால் மட்டும் பம்பாய் இந்திக்கு மாறிவிடுவார். தமிழில் திட்டினால் நம்ம ஆள் என்கிற பாசம் வந்துவிடும் என்பது அவர் கட்சி.

வி.டி. பிளாட்பாரத்தில் சாயங்கால நெரிசலில் பெண்களைக் கிள்ளிவிட்டுப் போகிறவன் ஒருவன் இருந்தான். வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலையோடு, பார்த்தால் பாங்க் மேனேஜர் என்று சொல்லலாம். ஒரு நாள் என்னைக் கிள்ளினான். வலியைவிட அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. அவன் எங்கேயும் ஓடவில்லை. பத்தடி தள்ளி நின்று சாவகாசமாகப் பேப்பர் வாங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அவன்தான். இப்பவே போய் ரெண்டு கொடுங்க" என்றேன்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இப்ப வேண்டாம்ட்டி. டிபன் காலியா இருக்கு."

"அதுக்கென்ன?"

"காலி டிபனால அடிச்சா சத்தம்தான் வரும்."

எனக்கு அக்காமேல் ஒரே எரிச்சல். நாட்கள் போயின, நானும் மறந்துபோனேன். ஒரு திங்கட்கிழமை காலை, வி.டி.யில் இறங்கி நடக்கும்போது அந்த வெள்ளைச் சட்டை எதிரே வந்தது. அக்கா என் தோளைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். மூன்றடுக்கு டிபன் கேரியரைப் பிடியோடு பின்னால் கொண்டுபோய் ஒரே வீச்சாக அவன் முகத்தில் இறக்கினார். மூக்கு உடைகிற சத்தத்தை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சட்டையில் ரத்தமும் மோர்க்குழம்பும் சேர்ந்து ஒழுகின. அக்கா கேரியரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூடி நசுங்கிட்டு" என்று மட்டும் சொன்னார். ஆபீஸ் போய்க் கையைக் கழுவிவிட்டு டைப் அடிக்க உட்கார்ந்தார், ஒரு எழுத்துகூடத் தப்பாக விழவில்லை.

இப்படிப்பட்ட மனுஷியைப் பார்த்து ஊரே ஒரு கேள்வி கேட்டது. "அழுதீங்களா அக்கா?"

காரணம் அவர் கண். மேல் இமைத் தோல் மடிந்து சரிந்து, ரோமத்தின்மேல் உட்கார்ந்திருக்கும். கீழ் இமையில் பை கட்டித் தொங்கும். அவர் அப்பாவுக்கும் அத்தைக்கும் அதே கண்ணாம். எவ்வளவு நன்றாகத் தூங்கினாலும், எவ்வளவு சிரித்தாலும், விடிய விடிய அழுதுவிட்டு முகம் கழுவி வந்தாற்போல இருக்கும். லிப்ட்காரர் கேட்பார். காய்காரி கேட்பாள். ஒரு முறை எங்கள் மேலதிகாரி அவரைக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையென்றால் அரைநாள் லீவு எடுத்துக்கொள்ளலாம் என்று கனிவாகச் சொன்னார். அக்கா அன்று பகல் முழுக்க யாரிடமும் பேசவில்லை. அவருக்கு அடி தாங்கும், பரிதாபம் தாங்காது.

மாட்டுங்காவிலிருந்து வரும் கிளார்க் ஒருவர், நம்ம தமிழர்தான், கேன்டீனில் வைத்து, "ராத்திரியெல்லாம் அழுதுட்டு வரது போல. கொழந்தை வேற இல்லை, பாவம்" என்று சொல்லியிருக்கிறார். அது அக்கா காதுக்கு வந்தது. அக்கா அவரிடம் முன்பைவிட மரியாதையாக நடந்துகொண்டார். சில வாரம் கழித்து அந்த மனிதர் ஏதோ ஃபைல் கேட்டு வந்து அக்காவின் மேஜையில் கையை ஊன்றி நின்றார். அக்கா காகிதத்தில் ஓட்டை போடும் பெரிய இரும்பு மெஷினைத் தூக்கி, பொதுக்கென்று அவர் விரல்கள்மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தினார். மனிதர் போட்ட கூப்பாட்டில் மூன்று மாடி கூடிவிட்டது. "ஐயோ, கை இருந்ததா? பாக்கலையே. எனக்குக் கண்ணு சரியாத் தொறக்காதுல்லா" என்றார் அக்கா. எல்லாரும் நம்பினார்கள். அந்தக் கண்ணைப் பார்த்தால் யாருமே நம்புவார்கள்.

அக்காவின் புருஷனை நான் முதலில் பார்த்தது அவர்கள் கட்டடத்தில் நடந்த சத்யநாராயண பூஜையில். தேவ்நார் போகிற ரோட்டில் நாலு மாடிக் கட்டடம் அது. டிராம்பே பக்கம் ஒரு ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்தான், கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டிக்கு செக்ரட்டரியும் அவன்தான். அவனுக்கு மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வரவில்லை, மன்னிக்க வேண்டும். அன்று பார்த்தபோது நல்ல மனிதர் என்றுதான் நினைத்தேன். மெதுவாகப் பேசினான். கிழவிகளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். தண்ணீர் வராத வீட்டுக்குத் தன் கையால் குடம் தூக்கிக் கொடுப்பானாம்.

அக்கா பிரசாதம் கொண்டுவந்தார். இடது கண் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாக மூடியிருந்தது. ஒரு பக்கத்து வீட்டம்மா, "கண்ணுக்கு என்ன?" என்று கேட்டார். அக்கா வாயைத் திறக்கும் முன் புருஷன் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னான்: "அவள் கண்ணே அப்படித்தான். அவங்க வீட்டில் எல்லாருக்கும் அப்படித்தான்." பக்கத்து வீட்டம்மாவும் சிரித்தார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் வண்டியில் அவராகவே சொன்னார். யாரோ பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள், யாரோ பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே, தன் முகத்தைக் காட்டி, "இதுல சாமி குடுத்த வீக்கம் எது, அவன் குடுத்த வீக்கம் எதுன்னு ஒனக்குத் தெரியுதாட்டி?" என்றார். எப்போதும் புருஷனை 'அவுக' என்றுதான் சொல்லுவார். அன்றுதான் 'அவன்' வந்தது.

நான் அவர் இமையையும் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அதான் மூஞ்சியில அடிக்கான். மத்த பொம்பளைக்கு முதுகுல அடிப்பான், மறைக்கணும்லா. எனக்கு மறைக்க வேண்டாம்."

"நீங்க திருப்பி அடிக்கலையா?" என்றேன். ஊரையே அடிக்கிற அக்காவிடம் வேறு என்ன கேட்பது.

"அடிச்சேன், ஒரு தடவை. கதவை உள்ள தாழ் போட்டுட்டு அரைமணி நேரம் அடிச்சான். வீட்டுக்குள்ள அவனுக்குத்தான் பலம். காலையில நான் வெளிய வந்து நின்னேன். மூஞ்சி பூரா வீங்கிக் கெடக்கு. எதுத்த வீட்டுக்காரி 'என்ன அக்கா, தூக்கம் இல்லையா'ன்னு கேட்டுட்டுப் பால் வாங்கப் போயிட்டா."

பிறகு மேல் இமைத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்து, "இதை வெட்டி எறியப் போறேன்" என்றார். "இது இருக்குத வரைக்கும் அவன் சொல்லுதது செல்லும்."

மாட்டுங்காவில் ஒரு நர்சிங் ஹோமில் அழகு ஆபரேஷன் செய்கிற டாக்டர் இருந்தார். வயதான குஜராத்திக்காரர், பொறுமைசாலி. கூட ஒரு ஆள் வர வேண்டும் என்றதால் நான் தங்கை என்று சொல்லிக்கொண்டு போனேன். ரத்த அழுத்தம் பார்த்து, கண் பார்வை சோதித்து, சிறு கண்ணாடியை அக்கா கையில் கொடுத்து அவர் இந்தியில் விளக்கியதை இன்றும் என்னால் சொல்ல முடியும்.

மயக்க மருந்து கிடையாது, மரத்துப்போக இமையில் ஊசி. அந்த ஊசிதான் வலிக்கும். மேல் இமையில் மடிப்புக்குள் வெட்டி, அதிகத் தோலையும் அடியில் பிதுங்கும் கொழுப்பையும் எடுப்பார்கள். கீழே ரோமத்துக்கு ஒட்டி வெட்டுவார்கள். ரத்தக் குழாயைச் சுட்டு அடைப்பார்கள். வாடை வரும், பயப்படக் கூடாது. முடிந்ததும் களிம்பு போடுவதால் எல்லாம் மங்கலாகத் தெரியும். தலையணை உயர்த்திப் படுக்க வேண்டும், ஐஸ் ஒத்தடம் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்துக்குப் போகும். அப்புறம்தான் இறங்கும். தழும்பு சில மாதம் சிவந்திருந்து மடிப்புக்குள் மறைந்துவிடும்.

"யாரோ முகத்தில் குத்துவிட்ட மாதிரி இருக்கும்" என்றார் டாக்டர். "இரண்டு கண்ணும் கறுத்து, நீலம் கன்னம் வரைக்கும் இறங்கும். பிறகு பச்சையாகி மஞ்சளாகிப் போகும். கண்ணாடியைப் பார்த்து அழுகிறவர்கள் உண்டு. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்."

அக்கா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "குத்துவிட்ட மாதிரியேவா?"

"அப்படியேதான்."

"எத்தனை நாளைக்கு?"

"இரண்டு வாரம். கவலை வேண்டாம். எல்லாரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, வெளியூர் போயிருந்ததாகச் சொல்லிவிடுவார்கள்."

"எனக்குக் கண்ணாடி வேண்டாம்" என்றார் அக்கா.

டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் எதுவும் படக் கூடாது. அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டும். கட்டினால் பார்வையே போகும். திடீரென்று வலி கூடினால் அந்த நிமிடமே ஓடி வர வேண்டும்.

"அடி பட்டா?" என்று நான் கேட்டேன்.

"யாரம்மா அடிக்கப் போகிறார்கள்?" என்று டாக்டர் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கடைசியாக அவர், இருபது வயதுப் பெண்ணாகிவிடுவோம் என்று எதிர்பார்க்க வேண்டாம், நன்றாகத் தூங்கி எழுந்த முகம் கிடைக்கும், அவ்வளவுதான் என்றார். அது போதும் என்றார் அக்கா.

ஆபரேஷன் அன்று வியாழக்கிழமை. நான் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தீய்ந்த வாடை வந்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். உள்ளேயிருந்து அக்காவின் சத்தம் ஒன்றும் வரவில்லை. பிற்பாடு அவர் ரசித்துச் சொன்னார்: "வலி இல்லட்டி, ஆனா சத்தம் கேக்கும். கத்திரி போட்டுத் துணி வெட்டுத சத்தம். என் தோலுன்னு நினைக்கவே இல்லை, அவன் வாயை வெட்டுதாங்கன்னு நினைச்சுட்டுக் கெடந்தேன்."

டாக்சியில் ஏற்றினேன். இமை ஓரங்களில் கறுப்பு நூல் தையல். அதற்குள்ளாகவே வீங்கத் தொடங்கியிருந்தது. "அக்கா, எங்க வீட்டுக்கு வாங்க. அம்மா இருக்காங்க. ரெண்டு வாரம் கழிச்சு போகலாம்" என்று கெஞ்சினேன். நிஜமாகவே பயந்துபோயிருந்தேன். முகத்தில் அடித்துப் பழகியவன் வீட்டுக்குத் தையல் போட்ட கண்ணோடு போவதா? ஒரே ஒரு அறை போதும், அக்கா குருடாகிவிடுவார்.

"சுனாபட்டியில வந்து படுத்தா யாரு பாப்பா?" என்றார்.

"யாரு பாக்கணும்?"

ஐஸ் சுற்றிய கைக்குட்டையைக் கண்ணிலிருந்து எடுத்தார். "ஞாயித்துக்கிழமை நம்ம லேடீஸ் பொட்டியைக் கூட்டிட்டு வா. ஒடம்பு சரியில்லைன்னு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன்.

அன்று வீட்டில் நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் தெரியும். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் பார்த்திருக்கிறான். ஆபரேஷன் என்றதும், எவனுக்குக் காட்ட இந்த அழகு என்று கையை ஓங்கியிருக்கிறான். அக்கா ஐஸை எடுத்துவிட்டு முகத்தை நீட்டியிருக்கிறார். "அடிங்க. இப்ப அடிச்சா கண்ணு போயிரும். டாக்டரு போலீஸ்ல வந்து அதைச் சொல்லுவாரு." கை அந்தரத்திலேயே நின்றதாம். பிறகு ஐஸ் பாத்திரத்தை எடுத்துச் சுவரில் அடித்தான். முக்காலியை எட்டி உதைத்தான். அந்த வீட்டில் முதன்முதலாக அவன் ஓங்கிய கை அவர்மேல் படாமல் இறங்கிய நாள் அது.

மறுநாள் அவனுக்கு வேறு கவலை வந்துவிட்டது. சொசைட்டி செக்ரட்டரியின் மனைவி, குழந்தையில்லாதவள், நாற்பது வயதுக்கு மேல் அழகு ஆபரேஷன் செய்துகொண்டாள் என்றால் கட்டடமே சிரிக்கும். அதனால் அக்காவுக்குக் கண் நோய் வந்திருக்கிறது, தொற்றிக்கொள்ளும், யாரும் வர வேண்டாம் என்று மாடி மாடியாகச் சொன்னான். வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டும் போட்டுக்கொண்டு போனான். அவன் செய்த ஒரே தப்பு, தான் செய்யாத ஒன்றுக்குப் பொய் சொன்னது.

நான் வெள்ளிக்கிழமை வண்டியில் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். எங்கள் பெட்டியின் வழக்கம் ஒன்று உண்டு. யாராவது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் வரவில்லையென்றால், வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பெட்டிக்குத் தலைவி குர்லாவில் ஏறும் ஒரு மராட்டிக்காரர். தாயி என்று கூப்பிடுவோம், மராட்டியில் அதுதான் அக்கா. விலைவாசி ஏறியதற்குப் பூரிக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போன பெண்களில் ஒருவர். "ஞாயிறு காலை போகிறோம், பழம் நான் வாங்குகிறேன்" என்றார் தாயி.

ஏழெட்டுப் பேர் போனோம். மழைக்காலம், ஆளுக்கொரு குடை. தாயியின் கையில் வலைப்பை நிறைய மோசம்பி, நம்ம சாத்துக்குடிதான்.

கதவை அவன்தான் திறந்தான், ஒரு சாண் அளவுக்கு. "கண் நோய் வந்திருக்கிறது. உங்களுக்கும் தொற்றிக்கொள்ளும், இன்னொரு நாள் வாருங்கள்" என்று பணிவாக இந்தியில் சொன்னான்.

"வரட்டும், எங்களுக்கும் ரெண்டு நாள் லீவு கிடைக்கும்" என்று சொல்லி தாயி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

அக்கா வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலை வாரி, நல்ல புடவை கட்டி, பவுடர் மட்டும் போடாமல் இருந்தார். டியூப் லைட் முகத்தின்மேல் நேராக விழுந்தது. எதிர்பார்த்துப் போன எனக்கே அடையாளம் தெரியவில்லை. கண் இருந்த இடத்தில் இரண்டு கறுப்பு மேடு, நடுவில் சிவப்பாக ஒரு கோடு. நீலம் மூக்கோரமாக இறங்கிக் கன்னத்தில் தேங்கியிருந்தது. தையல் நூல் நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ ஒருத்தி மராட்டியில் 'ஐயோ அம்மா' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாயி மெதுவாக அவன் பக்கம் திரும்பினார். "கண் நோயா?"

"ஆபரேஷன்" என்றான் அவன். "நிஜமாக. அவளே போய் ஆபரேஷன் செய்துகொண்டாள்."

"இப்போதுதானே கண் நோய் என்றாய்?"

தாயி மோசம்பிப் பையைச் சுழற்றி அவன் காதோடு சேர்த்து அடித்தார். வலை அறுந்து பழங்கள் அறை முழுக்க உருண்டன. அவன் மூக்குக்கண்ணாடி பறந்தது. பிறகு குடைகள் இறங்கின. முதுகில், முழங்கையில், மண்டையில். அவன் டிவி மேஜையைப் பிடித்து எழப் பார்த்தான், மேஜையோடு சரிந்தான். தோளெலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. சத்தம் கேட்டுக் கட்டடத்து ஆட்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவன் அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, பழக்க தோஷத்தில் அதையே சொன்னான்: "அவள் கண்ணே அப்படித்தான்."

அந்த வார்த்தைக்குத்தான் பல் இரண்டு போயிற்று. வாசலில் நின்ற ஆண்களில் ஒருவர்கூடத் தடுக்க முன்வரவில்லை. அவன் பார்வை கடைசியாக என்மேல் வந்து நின்றது. "நீ தமிழ்தானம்மா, நீயாவது சொல்லு" என்றான். சொல்ல வேண்டிய உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். நான் என் குடையால் அவன் முழங்காலில் ஓங்கி ஒன்று வைத்தேன். வாழ்க்கையில் நான் அடித்த ஒரே அடி. இன்றைக்கும் நினைத்தால் எனக்கு இனிப்பாகத்தான் இருக்கிறது.

தாயி மூச்சிரைக்க அக்காவின் முன்னால் மண்டியிட்டார். "அக்கா, பயப்படாமல் எல்லார் முன்னாலும் சொல். இவன் அடித்தானா?"

அக்கா என்ன சொல்லப் போகிறாரோ என்று நானும் அவரையே பார்த்தேன்.

"அடித்தான்" என்றார் அக்கா மராட்டியிலேயே. "கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து." பிறகு நிதானமாக இடது காதைத் தொட்டுக் காட்டி, இது கேட்காது என்றார். முழங்கையைத் தொட்டு, இது நேராக நீளாது என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வண்டியில் என்னை எப்போதும் வலப்பக்கமே உட்கார வைத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாசலில் நின்ற எதிர் வீட்டுக்காரி, சத்தம் கேட்கும், பாத்திரம் விழுகிறது என்று நினைத்தேன் என்று சொல்லி விம்மி அழுதாள். அக்கா அழவில்லை. தையல் போட்ட கண்ணோடு அழுதால் எரியும் என்று என்னிடம் பிறகு காரணம் சொன்னார்.

மாடிப்படியில் தவறி விழுந்ததாக ஆஸ்பத்திரியில் அவன் எழுதிக் கொடுத்தானாம். செக்ரட்டரி பதவி போயிற்று. அக்கா வேறு எங்கும் போகவில்லை, அதே வீட்டில்தான் இருந்தார். ஏன் என்று கேட்டேன். "நான் எதுக்குப் போவணும்? வீடு என் பேருல இருக்கு" என்றார்.

தையல் பிரித்த அன்று டாக்டர் தன் வேலையைத் தானே ரசித்தார். கொஞ்ச நாளைக்குத் தூங்கும்போது இமை முழுதாக மூடாது, சிறிது திறந்திருக்கும், தோல் தளர்ந்ததும் சரியாகிவிடும் என்று சொட்டு மருந்து கொடுத்தார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகிப் போனது. அடியில் எப்படிப்பட்ட கண் இருந்தது என்று அப்போதுதான் பார்த்தோம். சிறிய, கூர்மையான, துளிக்கூட ஈரமில்லாத கண். அழுதீர்களா என்று அதன்பிறகு அவரை ஒருவரும் கேட்கவில்லை. லீவில் ஊருக்குப் போய் வந்தீர்களா, முகம் தெளிந்திருக்கிறதே என்றார் மாட்டுங்கா கிளார்க், மேஜையைத் தொடாமல் நின்று.

ஏழெட்டு மாதம் கழித்து, செம்பூர் ஸ்டேஷன் மார்க்கெட்டில் அக்காவின் புருஷன் என்னை வழிமறித்தான். பாதியாக இளைத்திருந்தான்.

"ஒரு உதவி செய்யணும்மா" என்றான். "அவளுக்குத் தூங்கும்போது கண்ணு மூடலை."

"என்ன?"

"பாதி தொறந்து கெடக்கு. நான் பொரண்டு படுத்தா என்னையே பாக்குத மாதிரி இருக்கு. தூங்குதாளா, பாக்காளான்னே தெரியலை. கேட்டா, ஆபரேஷனால அப்படித்தான் இருக்கும், டாக்டரு சொன்னாருங்கா. வேற ஒரு வார்த்தை கெடையாது. சோறு போடுதா, துணி துவைச்சுப் போடுதா, பேச மாட்டேங்கா. நான் தூங்கி எத்தனை மாசமாச்சுன்னு தெரியலை. அந்த டாக்டருகிட்டச் சொல்லிக் கண்ணை மூடவச்சுத் தாங்கம்மா."

அவன் கண்ணுக்குக் கீழே கறுப்பாகப் பை தொங்கிக்கொண்டிருந்தது. நேற்றெல்லாம் அழுதவன்போல இருந்தான். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

மறுநாள் காலை சுனாபட்டியில் ஏறினேன். அக்கா கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார். ஜன்னல் காற்று முகத்தில் அடிக்க, அடுத்த ஸ்டேஷன் கோலிவாடா வருவதற்குள் தூங்கிப்போனார். நான் குனிந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். இரண்டு இமையும் முழுதாக, ரோமம் கன்னத்தில் படும்படி மூடியிருந்தன. ஒரு நூல் இடைவெளி இல்லை.

"என்னட்டி உத்துப் பாக்கே?" என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

"ஒங்க வீட்டுக்காரரை மார்க்கெட்டுல பாத்தேன். தூங்கும்போது ஒங்களுக்குக் கண்ணு மூட மாட்டேங்குதாமே?"

"வீட்டுல மூடாது" என்றார். வி.டி. வரும்வரை நன்றாகத் தூங்கினார்.